செங்கல்பட்டு வரைக்கும்

இத்தாலிச் சாப்பாடுன்னு செண்பகா சொன்னதும் எனக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்தது. வெளிய காட்டிக்கிடலை. "ஏட்டி, அங்க போயி நாம என்னத்தைத் திங்க, வீட்டுலயே ஒரு ரசம் வச்சு அப்பளம் பொரிக்கேன்"னு இழுத்தேன். அப்படி இழுத்தாத்தான் அவ பிடிச்ச பிடியா நிப்பா, சின்னப் பிள்ளையிலேருந்தே அவ குணம் அது, என் வயித்துல பொறந்தது எனக்குத் தெரியாதா. நம்ம ஓட்டலா இருந்தாத்தான் வம்பு. இலையைப் போட்டதும் தண்ணி தெளிக்கணும், குழம்புக்குப் பின்னாடி ரசம், ரசத்துக்குப் பின்னாடி மோரு, இதெல்லாம் கைக்குத் தெரிஞ்ச காரியம், இதுல செண்பகா அப்பா, இவுக, ஒண்ணைத் தப்பாச் செஞ்சா செண்பகா கண்ணு டக்குனு அங்க போயிரும். போன வாரம் கொதிக்கக் கொதிக்க ரசத்தை டம்ளர்ல ஊத்தி, அதுல சீனியைப் போட்டு, ஆத்து ஆத்துன்னு ஆத்தி எங்கிட்ட நீட்டுனாகளே, காப்பின்னு. நானும் வாங்கிக் குடிச்சேன். அந்த மாதிரி ஒண்ணு நடந்தா என்ன சொல்லிச் சமாளிப்பேன். இங்க அந்தத் தொல்லை கிடையாது. இங்க உக்காந்திருக்கதுல பாதிப்பேருக்கு எதை எதால எடுத்துத் திங்கணும்னு தெரியலை, அந்தா அந்தத் தொந்தி மனுசன் கரண்டியைச் சுத்துதாரு சுத்துதாரு, வாய்கிட்ட கொண்டு போறதுக்குள்ள அவ்வளவும் வழுக்கித் தட்டுல விழுது. இவுக முள்ளுக் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு இது எதுக்குன்னு கேட்டாகன்னா கேட்டுட்டுப் போறாக, மெட்ராசுல எந்தக் கிழவன் கேக்க மாட்டான். தெரியலைன்னா தெரியலைதான், அதுக்காக யாரும் டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போக மாட்டாங்க. மணி ஒண்ணு பத்து. செண்பகாவுக்கு ஆறு மணிக்குப் பிளேன், பூனாவுக்கு. நாலு மணிக்கு மீனம்பாக்கத்துல இருக்கணும்னு அவளே சொல்லிட்டா. அப்ப மூணு மணி வரைக்கும்னு வச்சுக்கிடுவோம். மூணு நாளைத் தள்ளியாச்சு. இன்னும் ரெண்டு மணி நேரம்.

அவ கெட்டவ இல்லை. அதுதான் எனக்குப் பயமே. கெட்டவளா இருந்தா நான் சண்டை போட்டு ஜெயிச்சிருவேன், எனக்கென்ன வாய் இல்லையா. இவ நல்லவ, கெட்டிக்காரி, ஒரு காரியம்னா உக்காந்து யோசிக்க மாட்டா, போனை எடுத்துருவா. அவ மாமனாருக்கு இப்படித்தான் ஆரம்பிச்சது. பாவம், கணக்கு வாத்தியாரா இருந்த மனுசன், வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டே வீட்டுக்கு வழி கேட்டாராம். ஒரே வாரத்துல இடம் பாத்துட்டா. ஊருக்கு வெளிய, புல்லுத் தரை, ஜன்னலுக்கு ஜன்னல் திரைச்சீலை, நர்சம்மா, சக்கர நாற்காலி. பிறந்த நாளுக்கு அவரு தலையில ஒரு காகிதத் தொப்பியை மாட்டி போட்டோ எடுத்து அனுப்புனாங்க. "அம்மா, அங்க ரொம்ப நல்லாப் பாத்துக்கறாங்க"ன்னா. நல்லாத்தான் பாத்திருப்பாங்க. ஆறு மாசத்துல போயிட்டாரு. அந்தத் தொப்பி என் கண்ணை விட்டுப் போகவே மாட்டேங்குது. இவுக தலையில யாராவது தொப்பியை மாட்ட வந்தா இவுக கையைத் தட்டிவிடவும் மாட்டாக, சரி மாட்டட்டும்னு உக்காந்திருப்பாக, இவுக சுபாவம் அப்படி. இவ கண்டுபிடிச்சா இவுகளைக் கொண்டு போயிருவா. எங்கிட்டேருந்து கொண்டு போயிருவா. வேற ஒண்ணுமே இல்லை, அது ஒண்ணுதான். நான் குளிப்பாட்டிக்கிடுதேன், சட்டை மாட்டி விடுதேன், ரசத்துல சீனி போட்டாலும் குடிச்சிக்கிடுதேன், உனக்கென்னட்டி.

உள்ள நுழையும்போதே ஒண்ணு நடந்தது. வாசல்ல ஒரு பொண்ணு, கருப்பு உடுப்பு, கையில பலகை மாதிரி ஒரு பெரிய போன். செண்பகா அப்பா பேருலதான் இடம் சொல்லி வச்சிருக்கா. அந்தப் பொண்ணு இவுக பேரை முழுசா, ஒரு எழுத்து விடாம வாசிச்சுட்டு, வெல்கம் சார்னு சிரிச்சா. இவுக என்ன செஞ்சாக தெரியுமா, பின்னால திரும்பிப் பாத்துட்டு, யாரோ பெரிய மனுசன் வாராருன்னு ஒதுங்கி வழி விட்டாக. நல்ல வேளை, செண்பகா போனைப் பாத்துக்கிட்டு இருந்தா. அந்தப் பேரைத் தலையில குட்டுன மாதிரி யாரோ ஒரு பொண்ணு சொல்லுதா, கட்டுன நான் நாப்பத்தோரு வருசமாச் சொன்னதில்லை. மனசுக்குள்ளகூடச் சொன்னதில்லை. ஏங்க, இந்தாங்க, செண்பகா அப்பா, அவ்வளவுதான். கோயில்ல லிங்கத்துக்குக் கீழ வட்டமா இருக்குமே, அதுல இவுக பேரு பாதி வருதுன்னு அதைக்கூட பீடம்னுதான் சொல்லுவேன். புதுக்கோட்டைக்கு அங்கிட்டு அந்தப் பேருலயே ஒரு ஊரு இருக்கு, ஒரு தடவை எல்லாரும் வேன்ல போனோம், டிரைவர் எங்கம்மா போகணும்னு கேக்காரு, நான் இந்தப் பெரிய கல்லுத் தாழ்வாரம் இருக்குமே அந்தக் கோயில்னு கையை ஆட்டுதேன், பின் சீட்டுல இவுக சிரிச்சுக்கிட்டே பாத்துக்கிட்டு இருக்காக, எடுத்துக் குடுக்கவே இல்லை. "சொல்லேன் வடிவு, சொன்னா என்ன பல்லா கொட்டிரும்"னாக. புருசன் பேரைச் சொன்னா அவன் ஆயுசு குறையும்னு எங்க அம்மா சொல்லி அனுப்புனா. ஆயுசெல்லாம் நல்லாக் கெட்டியா இருக்கும்மா. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, எழுபத்திரெண்டு வயசுல மாடிப்படி ஏறி இறங்குதாக. ஆளுதான் குறைஞ்சுக்கிட்டே வாராக.

ரொட்டி வந்தது. மேல பச்சை எண்ணெய். அப்புறம் ஒரு வெள்ளைக் கிண்ணத்துல தக்காளியும் பாலாடை மாதிரி ஒண்ணும், அதுக்கு மேல ஒரு இலை. வாசனை வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. திருநீத்துப்பச்சை. சிவனுக்குச் சாத்துற இலையை இத்தாலிக்காரன் தக்காளி மேல வச்சிருக்கான். செண்பகாகிட்டச் சொன்னேன், "அம்மா, அது பேசில்"னு சிரிச்சா. என்னமோ சொல்லிக்கோ. இவுக அந்த இலையை மட்டும் எடுத்து மோந்து பாத்துட்டு, சட்டைப் பையில வச்சுக்கிட்டாக. செண்பகா பாத்துட்டா. "அப்பாவுக்கு சாமி இலைட்டி, சாப்பிட மனசு வராது"ன்னேன். என் வாயில எப்படித்தான் வருதோ, பொய் சொல்லிச் சொல்லி நாக்கு நல்லா வழுவழுன்னு ஆயிட்டு. சட்டைப் பையில கை போனதுதான் எனக்குப் பயம், அங்கதான் அந்தச் சீட்டு இருக்கு. நேத்து ராத்திரி இவுக தூங்குன பிறகு எழுதி வச்சேன். செண்பகவல்லி, மகள், பூனா. மகேஷ், மருமகன், பாங்கு வேலை. ஆதிரை, பேத்தி, ஆறாம் வகுப்பு. வீட்டு விலாசம். என் போன் நம்பர். காலையில சட்டை மாட்டி விடும்போது பையைத் தட்டிக் காட்டுனேன், "எதாவது ஞாபகம் வரலைன்னா பாத்ரூம் பக்கம் போயி இதை ஒரு பார்வை பாத்துட்டு வாங்க"ன்னேன். பரீச்சைக்குப் பிட்டு அடிக்கச் சொல்லிக் குடுக்கிறேன், எழுபத்திரெண்டு வயசுப் பிள்ளைக்கு. சரி சரின்னு தலையை ஆட்டுனாக. இவுக பேரை அதுல எழுதலை, சொந்தப் பேரு மறக்குமான்னு விட்டுட்டேன், வாசல்ல நடந்ததுக்குப் பிறகுல்லா தெரியுது. என் பேரையும் எழுதலை. என் பேரை எதுக்கு எழுதணும், நான்தான் கூடவே இருக்கேனே.

காலையில நடந்ததை நான் நினைக்கக் கூடாதுன்னு இருக்கேன். நினைக்கலை. அடுப்படியில தேங்கா துருவிக்கிட்டு இருக்கேன், இவுக மெதுவா வந்து பக்கத்துல நின்னு, குரலைத் தணிச்சு, "ஹால்ல ஒரு பிள்ளை உக்காந்திருக்கே, யாரு? காப்பி குடுத்தியா?"ன்னாக. என் கையைத் துருவி கீறிட்டு. "நம்ம செண்பகாங்க"ன்னேன். ஒரு நிமிசம் என் மூஞ்சியையே பாத்தாக. அப்புறம் சிரிச்சாக. "தெரியாமலா, சும்மா கேட்டேன்." அந்தச் சிரிப்பு இருக்கே, அதுதான் என்னால தாங்க முடியலை. அப்ப இவுகளுக்கும் தெரியுது. இவுகளும் மறைக்காக. நான் இவுகளை மறைக்கேன், இவுக எங்கிட்டேருந்து மறைக்காக, ரெண்டு திருடன் ஒரே வீட்டுல. மூணு மாசத்துக்கு முந்தி ஒரு மத்தியானம் ஈசி சேர்ல படுத்துக்கிட்டு, "வடிவு, ஒவ்வொரு பெட்டியா கழண்டு பின்னால நின்னுக்கிட்டே வருது, என்ஜின் மட்டும் போயிக்கிட்டு இருக்கு"ன்னாக. நான் பருப்பு அரிச்சுக்கிட்டே, "சாப்பிட்டதும் படுத்தா அப்படித்தான் கனா வரும்"னேன். ஏன் அப்படிச் சொன்னேன். பருப்பைக் கீழ வச்சுட்டுக் கையைப் பிடிச்சிருக்கலாம்லா. அன்னைக்கு வடிவுன்னு சொன்னாக. அதுக்கப்புறம் எப்பச் சொன்னாக. பொங்கலுக்குச் சொன்னாக, "வடிவு, கரும்பு வந்திருக்கு"ன்னு. அதுக்கப்புறம். இப்பல்லாம் இந்தா, இங்க பாருங்காக. எங்க காலத்துப் புருசங்க அப்படிக் கூப்பிடுறதுதான், அதுல என்ன இருக்கு. ஒண்ணும் இல்லை. பொங்கலுக்கு அப்புறம் ஒரு தடவையாவது சொல்லியிருப்பாக, எனக்குத்தான் ஞாபகம் இல்லை. எனக்கும் வயசாகுதுல்லா.

"அப்பா, உங்களுக்கு என்ன சொல்லட்டும்?"னு செண்பகா அட்டையை நீட்டுதா. பெரிய அட்டை, வரி வரியா எழுத்து. இவுக அதைக் கையில வாங்குன விதம் இருக்கே, நெஞ்சுக்கு நேரா, இடது கையில ஏந்தி, வலது கை விரலை மேலேருந்து கீழ வரைக்கும் ஓட்டி. என் மனசு லேசாயிட்டு. அந்த விரலை எனக்குத் தெரியும். முப்பத்தி நாலு வருசம் டி.டி.ஆர் உத்தியோகம், எழும்பூர் திருநெல்வேலின்னு போயிப் போயி வந்தாக. கருப்புக் கோட்டு, சட்டைப் பையில பேனா, கையில சார்ட்டு. கல்யாணமான புதுசுல நானும் கூடப் போவேன், கடைசிப் பெட்டியில உக்கார வச்சிருவாக, டிக்கெட் எடுத்துத்தான். என்கிட்டயும் வந்து "எஸ் ப்ளீஸ்"ம்பாக, ஒரு சிரிப்புக் கிடையாது, நானும் டிக்கெட்டை நீட்டணும். மத்த சிலபேரு வண்டி நகந்ததும் வராத ஆளு பேரை அடிச்சிட்டு, காத்துக்கிட்டு இருக்கவங்களுக்கு அந்த இடத்தைக் குடுத்திருவாங்களாம். இவுக மாட்டாக. "எவனாவது மாம்பலத்துல மழையில மாட்டியிருப்பான், தாம்பரத்துக்கு ஓடி வந்துக்கிட்டு இருப்பான். செங்கல்பட்டு தாண்டட்டும், அப்புறம் அடிக்கேன்"பாக. இதுக்காகத் திட்டு வாங்கியிருக்காக, காத்துக்கிட்டு நிக்கவன் சும்மா இருப்பானா. ஆனா செங்கல்பட்டுன்னா செங்கல்பட்டுதான். எத்தனையோ பேரு மூச்சு வாங்க ஓடி வந்து இவுக கையைப் பிடிச்சிருக்காங்க. "எனக்கு எல்லாம் ஒண்ணுதாம்மா, இருக்கதுல நல்லதாக் குடு"ன்னு இவுக செண்பகாகிட்ட அட்டையைத் திருப்பிக் குடுத்தாக. பாருங்க, என்ன அழகான பதிலு. யாருகிட்டயும் சொல்லலாம், மகள்கிட்டயும் சொல்லலாம், முன்னப் பின்ன தெரியாதவகிட்டயும் சொல்லலாம். இப்படி நாலஞ்சு பதிலு கைவசம் வச்சிருக்காக. அது சரி. இருக்கட்டும் இருக்கட்டும். எல்லாம் சுகந்தானே. அதை வச்சே மூணு நாள் ஓட்டிட்டாக, கெட்டிக்கார மனுசன்.

சேவை மாதிரி ஒண்ணு வந்தது, தக்காளி ஊத்தி. மாட்டுத் தொழுவத்து வாடையில ஒரு சீஸ், அதை மேல துருவிப் போடுதா பரிமாற வந்த பொண்ணு. அங்க மூலையில செங்கல் அடுப்பு, உள்ள விறகு எரியுது, அந்தப் புகை வாசனை மட்டும் மனுச வாசனையா இருக்கு. இவுக மடியில விரிச்சிருக்க வெள்ளைத் துண்டை எடுத்து மடிச்சாக, பிரிச்சாக, மறுபடி மடிச்சாக. நான் இவுக தட்டை என் பக்கம் இழுத்து, கரண்டியில சுத்திச் சுத்தி வச்சேன். "அப்பாவுக்கு நீ ஏம்மா ஊட்டுற மாதிரி பண்ற"ன்னு கேட்டா. "வெள்ளைச் சட்டைட்டி, கறை பட்டா யாரு துவைக்க, நீயா வாரே"ன்னேன். சிரிப்பான்னு பாத்தேன், சிரிக்கலை. என்னையே பாத்துக்கிட்டு இருக்கா. அவ கண்ணு அப்படியே இவுக கண்ணு, சார்ட்டைப் பாக்கிற கண்ணு, ஒரு பேரு விட்டுப் போனாலும் பிடிச்சிரும். மணி ஒண்ணு ஐம்பது. இவுக எந்திரிச்சாக. "எங்க போறீய?"ன்னேன். "இந்தா வாரேன்"னாக, சட்டைப் பையைத் தொட்டாக. சீட்டைப் பாக்கத்தான் போறாக, நான் சொன்னது ஞாபகம் இருக்கு. பாத்ரூம் நேரா போனா இடது பக்கம், நான் வரும்போதே பாத்து வச்சிருக்கேன். கூடப் போகணும்னு எந்திரிக்கேன், செண்பகா என் கையைப் பிடிச்சு, "உக்காரும்மா. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்"னா.

அவ கை ஜில்லுனு இருந்தது. "நான் வந்து மூணு நாளாச்சு. அப்பா ஒரு தடவைகூட என்னைப் பேரு சொல்லிக் கூப்பிடலை." நான் தண்ணியை எடுத்துக் குடிச்சேன். "வயசானா அப்படித்தான், என்னையும்தான் கூப்பிடலை." சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன்னு எனக்கே கேட்டுது. அவ விடலை. "ஆதிரை எப்படி இருக்கான்னு கேக்கலை. போன்ல பேசினா நாலு வார்த்தையில உன்கிட்ட குடுத்துடறாரு. நேத்து என் ரூம் வாசல்ல வந்து நின்னுட்டு, சாரின்னு சொல்லிட்டுப் போனாரும்மா, வேற யாரோ இருக்கற ரூமுக்கு வந்துட்ட மாதிரி." "கண்ணு புரையோடியிருக்கு, ஆபரேசன் பண்ணணும்னு சொல்லியிருக்காங்க"ன்னேன். இது புதுப் பொய், இப்பதான் உருண்டு வந்தது, நல்லாத்தான் இருக்கு, இதையே கெட்டியாப் பிடிச்சுக்கிடலாம். கண்ணுதான். எல்லாமே கண்ணுதான். "எந்த டாக்டர்?"னு கேட்டா. பாத்தியா, போனை எடுக்கப் போறா. எந்த டாக்டர், எந்தத் தெரு, பேரு என்ன, எல்லாம் வேணும் அவளுக்கு. ஒரு வியாதிக்குப் பேரு வச்சுட்டா அது வீட்டுக்குள்ள வந்து கால் மேல கால் போட்டு உக்காந்துக்கிடும்டி, பேரு வைக்காத வரைக்கும் அது வாசல்லதான் நிக்கும், இது உனக்குப் புரியாது. "அம்மா, என்னைப் பாத்துச் சொல்லு. எனக்குப் பயமா இருக்கு." நானும் பயந்துதாண்டி கிடக்கேன். உன்னைவிட நான் பயந்து கிடக்கேன், ராத்திரி இவுக மூச்சு விடுறதை எண்ணிக்கிட்டு, விடிஞ்சா எது மிச்சம் இருக்கும்னு. வாய் வரைக்கும் வந்துட்டு. அப்பதான் அந்தச் சத்தம் கேட்டுது. சத்தமாவும் இல்லை, தணிவாவும் இல்லை, வண்டிச் சத்தத்துக்கு மேல கேக்கணும், தூங்குதவங்க முழிக்கவும் கூடாது, அந்த அளவுக்குப் பழக்கின குரலு. "எஸ் ப்ளீஸ்."

இவுக மூணாவது மேஜைகிட்ட நிக்காக. முதுகு நிமிந்திருக்கு. இந்த ஆறு மாசமா கூனிக் கூனி நடந்த மனுசனா இது. இடது கையில நான் எழுதுன சீட்டு, வலது கையில பேனா. அந்தத் தொந்தி மனுசன் அண்ணாந்து பாக்காரு. "எஸ் ப்ளீஸ், டிக்கெட்." அவரு பொண்டாட்டியைப் பாக்காரு, பொண்டாட்டி இவுகளைப் பாக்கா, என்ன புரிஞ்சுதோ அந்த மகராசிக்கு, மேஜையில கிடந்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டுனா. இவுக வாங்கி, பாத்து, ஒரு டிக் போட்டு, "தேங்க்யூ"ன்னு திருப்பிக் குடுத்தாக. அடுத்த மேஜையில ரெண்டு சின்னஞ்சிறுசுக, இவுக கடைக்காரருன்னு நினைச்சுட்டு, "சார், பூண்டு ரொட்டி சொல்லி அரை மணி நேரமாச்சு"ங்காங்க. "பேன்ட்ரியில சொல்லுதேன்"னாக, அவ்வளவு மரியாதையா. செண்பகா நாற்காலியைத் தள்ளிட்டு எந்திரிச்சா. நான் எந்திரிக்கலை. "ஏங்க"ன்னேன். திரும்பலை. "ஏங்க, இங்க பாருங்க." அந்தப் பக்கம் ரெண்டு மூணு ஆம்பிளைக திரும்பிப் பாத்தாங்க, இவுக மட்டும் திரும்பலை. உத்தியோகத்துல இருக்கும்போது யாரு ஏங்கன்னு கூப்பிட்டா என்ன, வண்டியில ஆயிரம் ஏங்க. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சந்தோசம்கூட வந்தது, அதை யாருகிட்டச் சொல்லுவேன், இத்தனை நாள் காணாமப் போன மனுசன் அந்தா நிக்காக, முழுசா, என் கல்யாணத்துல பாத்த மாதிரி. எங்க மேஜை அடுத்ததுதான். வாராக. செண்பகா "அப்பா"ன்னு கையை நீட்டுதா, நான் அவ முந்தானையைப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சேன். கிட்ட வந்து நின்னாக. திருநீத்துப்பச்சை வாசனை அடிச்சுது, பையில வச்ச இலை கசங்கியிருக்கும்.

"எஸ் ப்ளீஸ். பேரு சொல்லும்மா."

செண்பகா எந்திரிக்கப் பாக்கா. நான் மேஜைக்குக் கீழ அவ தொடையில அழுத்துனேன். "பேரைச் சொல்லுட்டி."

"செண்பகவல்லி."

விரல் சீட்டுல போயி நின்னுது. "செண்பகவல்லி, மகள், பூனா. ம், இருக்கு." டிக் போட்டாக. செண்பகா கழுத்தை நீட்டி அந்தச் சீட்டைப் பாத்தா. அது என் கையெழுத்து. அவ பலசரக்குச் சீட்டுலேருந்து பள்ளிக்கூட லீவு லெட்டர் வரைக்கும் பாத்த கையெழுத்து. அவ என்னைத் திரும்பிப் பாக்கா, நான் அவளைப் பாக்கலை. இனி என்ன இருக்கு மறைக்க.

"நீங்கம்மா?"

நீங்க. நாப்பத்தோரு வருசத்துல என்னை நீங்கன்னு சொன்னதே கிடையாது. "வடிவு"ன்னேன். விரல் மேலேருந்து கீழ போச்சு. கீழேருந்து மேல வந்தது. சீட்டைத் திருப்பிப் பின்பக்கம் பாத்தாக, பின்பக்கம் வெறும் காகிதம். இருக்காதுங்க. நான்தான் எழுதலையே. எதுக்கு எழுதணும்னு நான்தான் விட்டுட்டேன். "உங்க பேரு இதுல இல்லையேம்மா"ன்னாக. குரல்ல அவ்வளவு வருத்தம், அவுகளே தப்புப் பண்ணிட்ட மாதிரி. "தனியாவா வந்தீய? கூட யாரு வாரா?"

இப்பச் சொல்லாம எப்பச் சொல்லுவேன். சொன்னா திரும்பிருவாக. வேற எதுக்கும் திரும்பலைன்னாலும் சொந்தப் பேருக்கு, அதுவும் என் வாயால, இத்தனை வருசம் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத பேருக்குத் திரும்பிருவாக. அதுக்காகத்தான் இத்தனை வருசம் சேத்து வச்சிருந்தேன்னு வச்சுக்கிடுதேன். எங்க அம்மா மன்னிக்கட்டும்.

"ஆவுடையப்பன்"னேன்.

வாய் கூசும்னு நினைச்சேன், கூசலை. இவுக முகத்தையே பாத்தேன். சீட்டைப் பாக்கலை இவுக. எனக்குப் பக்கத்துல இருக்க காலி நாற்காலியைப் பாத்தாக, அதுக்கு முன்னால நான் சுத்திச் சுத்தி வச்ச தட்டைப் பாத்தாக, மேஜையில கிடந்த வெள்ளைத் துண்டைப் பாத்தாக.

"அவரு இன்னும் ஏறலியேம்மா."

"வந்துருவாக."

"தாம்பரத்துல ஏறுவாரா?"

"தெரியலை. எங்கயோ மாட்டிக்கிட்டாக. எப்படியும் வந்துருவாக."

"பதறாதீய. செங்கல்பட்டு வரைக்கும் பாக்கேன். அதுக்கப்புறம்தான் பேரை அடிப்பேன்."

"விழுப்புரம் வரைக்கும் பாருங்க"ன்னேன்.

யோசிச்சாக. சட்டத்துல அதுக்கு இடம் இல்லை, எனக்குத் தெரியும், இவுகளுக்கும் தெரியும். "சரி, பாக்கேன்"னாக. குனிஞ்சு, மேஜை மேல சீட்டை வச்சு, செண்பகா பேருக்கும் மகேஷ் பேருக்கும் ஆதிரை பேருக்கும் கீழ, முத்து முத்தான எழுத்துல வடிவுன்னு எழுதுனாக. "நீங்க உக்காந்து வாங்கம்மா"ன்னு சொல்லிட்டு அடுத்த மேஜைக்குப் போனாக. எத்தனை மாசம்னு செண்பகா கேப்பா, ஏன் சொல்லலைன்னு கேப்பான்னு காத்துக்கிட்டு இருந்தேன். அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டு எந்திரிச்சு, இவுகளுக்கு முந்தி அடுத்த மேஜைக்குப் போயி, குனிஞ்சு, "ப்ளீஸ், எதையாவது எடுத்துக் காட்டுங்க"ன்னு சொல்லுதது கேட்டுது. அப்புறம் அதுக்கடுத்த மேஜை. ஒவ்வொரு மேஜையா அவ முன்னால, இவுக பின்னால. இப்ப போனை எடுப்பா, நாளைக்கு எடுப்பா, எப்பன்னு தெரியலை. இன்னைக்கு இந்த வண்டியில அவ கூடப் போறா.

வாசல்லேருந்து ஒரு கூட்டம் புதுசா உள்ள வந்தது, அஞ்சு பேரு, பக்கத்து மேஜையில நாலு நாற்காலிதான் இருக்கு. அதுல ஒரு பையன், கண்ணாடி போட்டவன், எங்கிட்ட வந்து நல்ல விதமா, "ஆன்ட்டி, இந்தச் சேரை எடுத்துக்கலாமா?"ன்னு இவுக நாற்காலியில கையை வச்சான். நான் அந்த வெள்ளைத் துண்டை எடுத்து, உதறி, நாற்காலியில நாலு மூலையும் படும்படி விரிச்சேன்.

"இல்லப்பா. இங்க ஆள் வருது."